மூட்டம் விலகட்டும்

— இப்பக் கிளம்பட்டுமா அக்கா?

— முடியாது.

— நான் இன்னும் முழுசா கேக்கவே இல்ல...

— நீ என்ன கேப்பேன்னு தெரியும். மூட்டம் விலகாம இந்த வானிலை ஆபீஸ்லேருந்து உனக்கு அனுமதி வராது. போய் விமானத்துல உக்காரு.

— உக்காந்து பாத்தேன். எஞ்சினை விட என் பல்லுதான் அதிகமா ஆடுது... காலையில ரேடியோவுல என்ன சொன்னீங்க? ‘பகலில் வானம் ஓரளவு தெளிவாக இருக்கும்.’ உங்க குரல்தானே?

— பகல்னு சொன்னேன். காலைன்னு சொன்னேனா?

— அடேயப்பா! தப்பிக்க ஒரு சந்து வச்சுத்தான் பேசுவீங்க போல.

— கண்ணாடியில ஊதாத. எனக்கு வெளிய பாக்கணும்.

— ஊதல, மூச்சு விட்டேன். அதுவே புகை மாதிரி ஒட்டிக்குது.

— வெளிய நிக்கிறதும் அதேதான். ராத்திரி தரை சில்லிட்டுப் போச்சு. ஒட்டியிருந்த ஈரக்காத்தும் கூடவே குளிர்ந்துச்சு. அதுல இருந்த ஆவி, மிதக்கிற தூசி மேல ஒட்டித் துளித்துளியா நிக்குது. உசரத்துல நின்னா மேகம், தரையில உக்காந்துட்டா மூட்டம்.

— அவ்வளவுதானே? மேகத்துக்குள்ள நான் போனதே இல்லையா என்ன?

— இது வேற. காலையில பலூன் விட்டுப் பாத்தேன். மலை முகட்டுகிட்ட குளிர் ஜீரோவுக்கும் கீழ போயிருக்கு, ஆனா துளி இன்னும் உறையல. தொட ஒரு சாமான் கிடைச்சாப் போதும்னு காத்துட்டு இருக்கு. உன் இறக்கை போய்த் தொடும், ஐஸ் அப்பிக்கும். அந்தத் தகர டப்பா தாங்குமா?

— தகர டப்பான்னு சொல்லாதீங்க, அதுக்கு ரோஷம் வரும்... அக்கா, விளையாட்டு போதும். பின்சீட்டுல ரத்தப் பெட்டி இருக்கு. அந்த வகை ரத்தம் மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில ஒரு சொட்டு இல்ல. ரோட்டையும் பனி மூடிடுச்சு. நான் போகலன்னா...

— தெரியும்.

— போன் அடிக்குது. ஆஸ்பத்திரி நம்பர். எடுங்க.

— நீ எடு.

— உங்க மேசை போன்!

— நீ எடுன்னு சொல்றேன்ல.

— ஹலோ... ஆமா சிஸ்டர்... இன்னும் விலகல... ம்... ம்... சரி.

— என்ன சொன்னாங்க?

— ஆபரேஷனுக்குத் தயாரா வச்சிருக்காங்களாம். ரத்தம் வந்தாத்தான் கை வைப்பாங்களாம். மத்தியானத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டர்...

— பேச்சு இருக்கா?

— யாருக்கு?

— நோயாளிக்குத்தான். வேற யாருக்கு?

— இருக்காம்... அக்கா, ஒரு எட்டு மேல ஏறிப் பாக்கட்டுமா? ஆகலன்னா திரும்பிடுறேன்.

— திரும்பி இறங்க ஓடுபாதை தெரிய வேண்டாமா? அங்க ஒரு உசிரு ஊசலாடுது. கூட உன்னையும் சேத்து அனுப்பச் சொல்றியா? உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— ஏன்க்கா சால்வையை இப்படி இழுத்து இழுத்துப் போத்திக்கிறீங்க?

— குளிர்.

— ஹீட்டர் உங்க காலடியிலதானே இருக்கு...

— கொஞ்ச நேரம் பேசாம இரு தம்பி... வெயில் தரையைத் தொட ஆரம்பிச்சிருக்கு. அடியிலேருந்துதான் கரையும். முதல்ல தூக்கும், அப்புறம் கிழியும்.

— எனக்கு ஒரே வெள்ளைச் சுவராத்தான் தெரியுது.

— தண்ணித்தொட்டியோட கால் தெரியுதா?

— இல்ல... இருங்க... ஆமா, தெரியுது!

— தொட்டி?

— அதுவும் தெரியுது! அக்கா, அதோ மலை! மலையே தெரியுது!

— பொறு. முகட்டுல இருக்கிற நம்ம ஆளைக் கேக்கறேன்... ஹலோ, அங்க மேல எப்படி? நீலமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க... சரி, வச்சுடுறேன். கேப்டன், கிழக்குப் பக்கம் வழி திறந்திருக்கு. கிளம்பலாம்.

— இவ்வளவு நேரம் தம்பி, இப்ப கேப்டனா?

— ஓடுடா!

*

— அக்கா, கேக்குதா? ஆஸ்பத்திரி வராந்தாவுலேருந்து பேசுறேன்.

— நீ இறங்கினது தெரியும். பெட்டியை வாங்கிட்டுப் போனாங்கன்னும் தெரியும். அதுக்கப்புறம்?

— இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சு வெளிய கொண்டு வந்தாங்க. பிழைச்சுட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்... அக்கா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்... பிழைச்சுட்டாரா, இன்னொரு தடவை சொல்லு.

— அழறீங்களா?

— தம்பி... உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அங்க படுத்திருக்கிறது எங்க அண்ணன். கூடப் பொறந்தவர். சொல்லியிருந்தா நீ என் பேச்சைக் கேக்காமப் பறந்திருப்ப.

— அவர் உங்க அண்ணன்னு காலையில பெட்டியை ஏத்தும்போதே சிஸ்டர் போன்ல சொல்லிட்டாங்கக்கா. உங்க வாயால ‘போ’ன்னு சொல்ல முடியாதுல்ல... அதான் உங்களுக்கும் சேத்து ‘கிளம்பட்டுமா’ன்னு நானே கேட்டுட்டு இருந்தேன்.