உரியவரிடம் ஒப்படைத்த பிள்ளை

முதலில் தேத்தண்ணீரைக் குடியுங்கள் ஐயா. முக்குக் கடைத் தேத்தண்ணீர் ஆறிவிட்டால் கஷாயம்தான்; அப்புறம் வாத்தியார் விருந்தோம்பல் தெரியாதவர் என்று அதையும் சேர்த்து எழுதிவிடுவீர்கள். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. பத்தொன்பது வருஷமாக மலாக்கா காஜா பெராங்கில் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கலியாணசுந்தரம். கல்யாணசுந்தரம் அல்ல.

எனக்கு இனத் துவேஷம் மருந்துக்குக்கூடக் கிடையாது. காலையில் சீனன் கடைக் கோப்பி, மத்தியானம் மலாய்க்காரம்மா கட்டித் தரும் நாசி லெமாக் சோறு. அடுத்த சந்தில் இருக்கும் மலாக்கா செட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவர்களையும் நான் தமிழர் என்றுதான் சொல்லுவேன், ஓர் அரைக்கால்வாசியாவது. அவரவர் அவரவர் இடத்தில் இருந்தால் சண்டையே வராது என்பது என் கொள்கை. நீங்களும் தமிழர், உங்களுக்குப் புரியும்.

சரி, நீங்கள் விசாரிக்க வந்த கோகிலா விஷயத்துக்கு வருகிறேன்.

மருதமுத்து நகரசபையில் சாக்கடைக் கான் கழுவுகிறவன். பூங்காவனம் அவன் பெண்சாதி. கல்யாணமாகிப் பத்து வருஷம் வயிறு திறக்கவில்லை. ஜப்பான்காரன் போன மறுவருஷம் ஒரு சீனக் குடும்பம் பிறந்து எட்டு நாளான பெண் குழந்தையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் அது சகஜம். கூடவே சீன எழுத்தில் ஒரு சிவப்புத் தாள். என்ன எழுதியிருக்கிறது என்று புருஷனுக்கும் தெரியாது, பெண்சாதிக்கும் தெரியாது. பூங்காவனம் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்டினாள்.

குழந்தைக்குக் கோகிலா என்று பெயர் வைத்தார்கள். கோகிலா என்றால் குயில். குயில் குஞ்சு யார் கூட்டில் வளரும் என்று தெரிந்து வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா? பள்ளியில் சேர்க்க வந்தபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு, பூப்போட்ட பாவாடை. கண்ணும் மூக்கும் மட்டும் காட்டிக்கொடுத்தன. ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் அப்படி வரும் ஐயா, பொய் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்திலேயே 'ழ' ஒழுங்காக வந்தது அவளுக்குத்தான். என் மகள் சாரதாம்பாளுக்கே வாழைப்பழம் பாதி வழியில் வழுக்கிவிடும்.

போன வருஷம் ஆகஸ்டு மாதம், சுதந்திரம் வரும் நேரம். பண்டார் ஹிலிர் திடலில் விழா என்றார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பிள்ளை மேடையேறிப் பாட வேண்டும். தமிழுக்கு நானே எட்டு வரிப் பாட்டு எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. பள்ளியில் போட்டி வைத்தோம். மற்ற இரண்டு ஆசிரியர்களும் கோகிலா என்றார்கள். சாரதா இரண்டாவது. அந்தப் பெண் பாடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் ஐயா ஆத்திரம். என் பாட்டைப் பாடி என்னையே அழவைக்க அவள் யார்?

சாரதா என் மகள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திடல் நிறையச் சனம். தமிழ் என்று கூப்பிட்டதும் ஒரு சப்பை மூக்குக்காரி எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? பாடுவதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளைகூடவா இவர்களுக்கு அகப்படவில்லை என்று சிரிக்கமாட்டார்களா? இனத்துக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

பூங்காவனத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"புது அரசாங்கம் வருது பூங்காவனம். அவங்கவங்க புள்ள அவங்கவங்க இனத்துலதான் இருக்கணுமாம். வேத்தினத்துப் புள்ளய வச்சிருந்தா உன்னையும் மருதமுத்துவையும் கப்பலேத்தி அனுப்பிருவாங்க" என்றேன்.

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் வாத்தியார் சொன்னால் சர்க்கார் சொன்ன மாதிரி அவளுக்கு. ஓடிப்போய்ச் சிவப்புத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "முத்திரை இல்ல, இது செல்லாது" என்று சொல்லி என் அகராதிக்குள் வைத்துக்கொண்டேன்.

"பதினோரு வருசம் சோறூட்டி வளத்த புள்ளங்கய்யா" என்றாள் அவள். "தாள்ல முத்திரை இல்லன்னு தூக்கி வேற வீட்டுல விட்டுருவாங்களா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோறு போட்டால் சொந்தமாகிவிடுமா? இருந்தாலும் அவளைத் தேற்றினேன். பத்திரம் தயாராகும்வரைதான், அப்புறம் பிள்ளை திரும்பிவிடும் என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

புக்கிட் பாருவில் சோயாக்கட்டி செய்து விற்கும் ஒரு சீன விதவை இருக்கிறாள். பெயர் தெரியாது. நாம்தான் சீனப் பெண்கள் எல்லோரையும் ஆமோய் என்றே கூப்பிடுகிறோமே. ஜப்பான் காலத்துப் பஞ்சத்தில் தன் பெண் குழந்தையை ஏதோ தோட்டத்துத் தமிழர்களிடம் கொடுத்துவிட்டதாகச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் சொல்லி அழுவாள். உன் பிள்ளை கிடைத்துவிட்டது என்று மலாயில் சொன்னேன். அந்தப் பெண் இருந்தால் பதினாலு வயசு. கோகிலாவுக்குப் பதினொன்று. சாப்பாடு சரியில்லை, வளர்த்தி குறைவு என்று ஒரு போடு போட்டேன். நம்பிவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினாள். அன்றைக்கு ஒரு புண்ணியம் செய்த திருப்தி எனக்கு.

சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து நான்தான் கூட்டிப்போனேன். பாதித் தூரத்தில் அந்தப் பெண், "அந்த வீட்டுல யாருக்கும் தமிழ் தெரியாதேங்கய்யா, நான் யார்கிட்ட பேசுவேன்?" என்றாள்.

"உன் ரத்தத்திலேயே சீனம் இருக்கு, தானா வரும்" என்றேன்.

இறங்கும்போது பாட்டு எழுதிய தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "சாரதாகிட்ட குடுங்கய்யா. மூணாவது வரியில மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. நான் எழுதிய பாட்டுக்கு எனக்கு அவள் சொல்லித் தருவதா? திடலில் சாரதா மூன்றாவது வரியில் மூச்சு விட்டாள். அங்கேயே நின்றாள். நின்றவள் நின்றவள்தான். சனம் பெரிய மனசு பண்ணிக் கைதட்டியது.

அதற்கப்புறம் பதினொரு மாதம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பூங்காவனம் துவைத்து மடித்த பாவாடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "பத்தரம் வந்திருச்சாங்கய்யா?" வரும் என்பேன். அந்தப் பாவாடைகள் இப்போது முழங்காலுக்குத்தான் இருக்கும். அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கொண்டுவருவாள்.

போன வாரம் சாரதா ஏதோ சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டியிருக்கிறாள். சிவப்புத் தாள் விழுந்தது. சும்மா இருக்கிற பெண்ணா? நேரே சீன மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். செமாபோக் பகுதியில் இருக்கும் இன்னார், இந்தப் பிள்ளையை மனமுவந்து கொடுக்கிறோம், இனி இவள் உங்கள் மகள், யாரும் திருப்பிக் கேட்கமாட்டோம். அவ்வளவுதான் அதில் இருந்தது. உங்கள் கோப்பில் இருக்கும் புகார்க் கடிதமும் சாரதா எழுதியதுதான். நான் பழக்கிய கையெழுத்து. பிழையே இல்லை, பார்த்தீர்களா?

புக்கிட் பாருக்காரி கோகிலாவின் தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் இழந்தது ஒரு சீனப் பெண். நான் கொடுத்தது ஒரு சீனப் பெண். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எழுதிக்கொள்ளுங்கள். இல்லாத சட்டத்தைச் சொன்னவன் நான். தாளை ஒளித்தவன் நான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவனும் நான். எங்கே கையெழுத்து? இங்கேயா? போட்டுவிட்டேன்.

போவதற்கு முன்னால் என் புகாரையும் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. ஐந்து நாளாகச் சாரதா வீட்டுக்கு வரவில்லை. பூங்காவனம் வீட்டில் இருக்கிறாள். அங்கேயே சாப்பாடு, கோகிலாவின் பாயில் படுக்கை. நேற்றுப் போய்க் கூப்பிட்டேன்.

"போம்மா, அப்பா கூப்புடுறாருல்ல" என்று பூங்காவனம் எவ்வளவோ கெஞ்சினாள்.

"கோகிலா வர்ற வரைக்கும் நான்தான் இவங்க புள்ள. நீங்க போங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள் என் பெண்.

தாயில்லாப் பிள்ளை ஐயா. ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் சட்டத்தில் இதற்கு ஏதாவது வழி இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷம் சோறூட்டி வளர்த்த பிள்ளை. அதைத் தூக்கி வேறு வீட்டில் விட்டுவிடுவார்களா?