விசாரணைக்குத் தகுதியற்ற அக்கா

தேநீரில் சர்க்கரை போதுமா சார்? கூச்சப்படாமல் குடியுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. இனி நீங்கள் என்னை விசாரிக்கும் அதிகாரியுமில்லை, நான் குற்றம் சாட்டப்பட்டவனுமில்லை. இரண்டு வருடம் செருப்புத் தேய என் பின்னால் அலைந்தீர்கள். எப்படித் தோற்றோம் என்று தெரியாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் சொல்கிறேன்.

கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு மூன்று வீடும் ஒரு பெட்ரோல் பங்க்கும் எப்படி வந்தன என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எல்லாம் அக்காவுடையவை என்றேன். அக்கா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனிக்கட்டை. நான் நீட்டிய இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள்.

அவளுக்கு நீங்கள் சம்மன் அனுப்பியதுதான் வம்பாகிவிட்டது. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருடத்துக்கு முன் படித்த பையனின் மதிப்பெண்ணைக்கூட மறக்காதவள் வேறு.

"கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன்டா தம்பி. நீ கேட்டே, நான் கையெழுத்துப் போட்டேன். அவ்ளோதானே?" என்று சிரித்தாள்.

வழக்குத் தொடரக் கொடுத்த அனுமதி செல்லாது என்று ஒரு மனு, வருமானம் கணக்கிட்ட காலம் தவறு என்று இன்னொரு மனு, இரண்டும் தள்ளுபடி. என் வக்கீல் மண்டையைச் சொறிந்தார். மூன்றாவது மனுவில் அக்காவுக்கு ஞாபக மறதி, விசாரிக்கத் தகுதியற்றவர் என்று எழுதினோம். அரசு டாக்டரிடம் காட்டச் சொல்லி நீதிபதி இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.

இரண்டு மாதம் தாராளம். அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவில் வைத்தேன். காலண்டரில் சில நாள் இரண்டு தாள் கிழித்தேன், சில நாள் கிழிக்கவே இல்லை. செய்தித்தாளை நிறுத்தினேன், டிவி ரிப்பேர் என்றேன். அவள் எதைக் கேட்டாலும் அன்பாக ஒரே பதில்தான்: "அக்கா, இத இப்பத்தானே கேட்டே?"

முதலில் சண்டை போட்டாள். பிறகு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினாள். அதை எடுத்துவிட்டு அதேபோல் ஒரு வெற்று நோட்டை வைத்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நான் சாப்பிட்டேன்.

இன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "தம்பி சொல்வான்" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். அவள் வாக்குமூலம் இல்லாமல் அந்தச் சொத்துகள் என்னுடையவை என்று உங்களால் நிரூபிக்க முடியவில்லை. நான் விடுதலையானேன்.

அவளை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். காற்றோட்டமான அறை. தீர்ப்பைச் சொல்லப் போனபோது, பக்கத்தில் நர்ஸ் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா போனப்புறம் உன்ன நான்தானே தூக்கி வளர்த்தேன்? இல்ல, அதுவும் நானா நினைச்சுக்கிட்டதா?"

உண்மைதான். அப்போது எனக்கு நான்கு வயது. என்னை விட்டுப் போக மனமில்லாமல்தான் அவள் கல்யாணமே வேண்டாமென்றாள். ஆனால் மேல்முறையீட்டுக் கெடு முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அக்காவுக்குப் பழையது சரியாக நினைவிருக்கிறது என்று நர்ஸ் எழுதி வைத்தால் என்ன ஆவது?

"நீயா நினைச்சுக்கிட்டதுக்கா" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். கையையும் விட்டுவிட்டாள்.

அக்காவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் சார்.