மாதிரிக்கு ஒரு துண்டு

— மூவாயிரத்து ஐந்நூறா? இந்தத் தலைக்கா? சாலைக் கம்போளச் சந்தையில எடைக்குப் போட்டாலும் ஐம்பது ரூவா தேறாது, மக்ளே. அதுலயும் வழுக்கைக்குக் கழிவு உண்டு.

— சிவதாணு அண்ணாச்சி, தலைக்கு ரேட் இல்லே. ஸ்கேனுக்காக்கும்.

— நேத்து கடையில அரிசி மூட்டை மேல மயங்கி விழுந்த எங்க வீட்டு மனுசன், இன்னைக்கு ஸ்கேன் சென்டர்ல நின்னு பேரம் பேசுதாரு. தம்பி, நீங்க உள்ள கூட்டிட்டுப் போங்க.

— சும்மா கெடட்டீ. கிழிஞ்சது சாக்கு, நான் இல்லே. அனீஷே, இந்தச் சீட்டுல டோமோகிராபின்னு போட்டிருக்கே, அது என்ன சரக்கு? பேருக்கு அர்த்தம் தெரியாத சரக்கை நான் தொட மாட்டேன், கேட்டியா.

— கிரேக்க வார்த்தை, அண்ணாச்சி. டோமோஸ்னா வெட்டின துண்டு. கிராபின்னா எழுதறது. நேந்திரங்காயைச் சீவுற மாதிரி, தலையைத் துண்டு துண்டாப் படம் எடுத்துக் காட்டும். கத்தி ஒண்ணும் இல்லே, கேட்டோ.

— துண்டுக் கணக்கா! முன்னாடியே சொல்லப்படாதா? எத்தனை துண்டு?

— நூறு வரும்.

— எதுக்கு நூறு? அரிசி மூட்டையை முழுசாப் பிரிச்சுப் பாத்தா வாங்குதோம்? குத்தூசியை ஒரு மூலையில சொருகி, உள்ளங்கையில நாலு மணியைத் தட்டிப் பாத்து விலையை முடிக்கோம். எனக்கும் ஒரே துண்டு எடு, மாதிரிக்கு. முப்பத்தஞ்சு ரூவா போட்டுக்கோ.

— குத்தூசி எங்க எறங்கும்னு பாத்து, அந்த மூலையில மட்டும் நல்ல அரிசியை வைப்பீங்களே. வண்டு பூரா நடுவுலதானே கெடக்கும்?

— தொழில் ரகசியத்தை இங்க வந்து அவுத்து விடாதட்டீ. என் தலையில மூலைக்கு வைக்கக்கூட நல்ல சரக்கு கெடையாது. எங்க குத்தினாலும் பதருதான்.

— அண்ணாச்சிக்குப் பயமோ?

— வாய் விலை பேசிக்கிட்டே இருந்தா, உள்ள கெடக்குத பயத்தை எவனும் எடை போட மாட்டான்லா. அதான் பேசுதேன்.

— சரி, துண்டுக் கணக்கை அப்புறம் பேசலாம். சம்மதப் பேப்பர் எழுதணும். கூட வந்த இந்த அம்மா பேரு சொல்லுங்க.

— இவ பேரா? இதுக்கு யோசிக்கணுமாக்கும்! முப்பது வருசமாக் கூப்பிடுத பேரு... இவ பேரு...

— என்னங்க?

— நீ சொல்லாதட்டீ. நானே சொல்லுவேன். கல்யாணப் பத்திரிகையில என் பேரை விடப் பெருசாப் போட்டிருந்துது...

— அண்ணாச்சி, நான் அவங்ககிட்டயே கேட்டு எழுதிக்கிடட்டா?

— வேண்டாம் மக்ளே. நூறு துண்டும் எடு. ஒண்ணையும் விட்டுராத. இருப்புல ஒரு பேரு கொறையுது.