காணும்

ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்கு மேல் நான் குடிப்பதில்லை. நெடுந்தீவில் இதை யாரும் நம்பமாட்டார்கள். "காணும், காணும்" என்று கோப்பையைக் கையால் மூடினாலும் கையை விலக்கிவிட்டு ஊற்றுவார்கள்.

நீங்கள் கேட்டு எழுதியதும் இந்தச் சொல்லைப் பற்றித்தான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் மதுரைப் பக்கம் என்றும், தமிழ் தெரிந்தவர் என்பதால் எங்கள் மின்சாரத் திட்டத்தின் கோப்புகளைப் பரிசோதிக்க அமர்த்தியிருப்பதாகவும், திட்டத்துக்குப் பணம் தரும் நிதியத்தார் சொன்னார்கள். "நாற்பத்திரண்டு படிவங்களிலும் 'மின்சாரம் காணும்' என்றே இருக்கிறது. மின்சாரம் எதைக் காணும்? எழுத்துப்பிழையா?" என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. எங்கள் ஊரில் காணும் என்றால் போதும். காணாது என்றால் போதாது. இந்த ஒரு வரியோடு பதிலை அனுப்பியிருக்கலாம். பதினொரு நாளாக அனுப்ப முடியவில்லை. நீங்கள் கேட்டது ஒன்று, நான் சொல்லப்போவது வேறொன்று. அதை இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என் பெயர் ஜெயரூபன் என்பது கோப்பில் இருக்கும். இந்தத் தீவில் காணி பூமியோடு இருந்த குடும்பம். பதினேழு வயதில் வெளிக்கிட்டு, பெல்ஜியத்தில் படித்து, பிரஸ்ஸல்ஸில் வலுசக்திக் கொள்கை எழுதும் குழு ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எத்தனை வீதம் மின்சாரம் எடுப்பது, எந்த ஆண்டுக்குள் புகையைக் குறைப்பது என்பதெல்லாம் அங்கே பெரிய ஆட்களின் வேலை. என் பங்கு சின்னது. வீட்டைச் சூடாக்கவும் விளக்கெரிக்கவும் வழியில்லாமல் இருப்பதை வலுசக்தி வறுமை என்பார்கள். யார் அந்த வறுமையில் இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பகுதி என்னுடையது.

நான் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டு முதியவர் ஒருவர் குசினிக்குள்ளும் குளிர்க்கோட்டோடுதான் நடமாடுவார். வருமானக் கணக்கின்படி அவர் ஏழை இல்லை. ஒரு மாசி மாதக் குளிரில் கதிரையில் இருந்தபடியே செத்துப்போனார். போதுமா என்று அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் நான் குழுவில் பிடிவாதம் பிடித்தேன். வருமானத்தை அளக்க வேண்டாம், ஆளைக் கேளுங்கள், அவர் தன் வாயால் சொல்வதுதான் அளவு என்றேன். நாலு வருட இழுபறிக்குப் பிறகு அந்த வரி கொள்கையில் ஏறியது. இன்றைக்கும் அது சரியான வரி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வரியோடுதான் ஊருக்குத் திரும்பி வந்தேன். தென்கரையில் நாலு மின்வரிசைகளாக நாற்பத்திரண்டு வீடுகளுக்குச் சூரியத் தகடுகள், இரண்டு காற்றாடிகள், ஒரு பற்றரி அறை, ஆபத்துக்கு ஒரு டீசல் ஜெனரேற்றர். எழுபத்திரண்டு மணித்தியாலம் டீசலைத் தொடாமல் ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது நிதியத்தின் நிபந்தனை. ஓட்டிக்காட்டினால் தீவுகளுக்கான அடுத்த ஐரோப்பியக் கொள்கை ஆவணத்தில் நாங்கள் முன்மாதிரியாக ஏறுவோம். கிரேக்கத்திலும் அயர்லாந்திலும் டீசல் புகைக்குள் கிடக்கும் தீவுகள் எங்களைப் பார்த்து மாறும். இதை நான் பகட்டுக்குச் சொல்லவில்லை, முழு மனதோடு நம்பினேன்.

படிவங்களை வீடு வீடாகப் போய் நிரப்பியதும் நான்தான். எல்லா வீட்டிலும் "காணும்". இதில் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தவர் காணுமோ என்று கேட்டால் காணும் என்பதுதான் எங்கள் ஆட்களின் பதில். காணாது என்று சொன்னால் வந்தவரின் முகத்தில் அடித்த மாதிரி. அதிலும் எங்கள் குடும்பத்து ஆள் படலையைத் திறந்துகொண்டு போனால், கரையோர வீடுகளில் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தாங்கள் நின்றுகொண்டுதான் கதைப்பார்கள். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டவர் நம்பக்கூடாது. சோறு போடுகிறவர் அதை நம்பாமல் இன்னும் ஓர் அகப்பை போடுவார், அதுதான் முறை. என் அம்மாவே வெறும் பானையை வைத்துக்கொண்டு தனக்குக் காணும் என்று எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரியாத விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

தென் வரிசையின் கடைசி வீடு பஸ்ரியாம்பிள்ளை அண்ணையுடையது. நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதர். நுரையீரல் பழுதாகி, கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய ஒட்சிசன் மெசினை நம்பி உயிர் வாழ்ந்தார். அறையிலுள்ள காற்றை வடித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெசின். டக் என்று ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. இரவு பகல் நிற்காது.

படிவத்தில் மருத்துவத் தேவை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் அந்த வீட்டுக்காக ஜெனரேற்றரை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு அனுமதி கிடைக்காது. அவருடைய மனைவி பிலோமினம்மாக்கா, கூட இழுத்தால் லைனை வெட்டிவிடுவோமோ என்ற பயத்தில், "அது சின்ன மெசின் தம்பி, பெரிசா இழுக்காது" என்றார். "சிறு வீட்டுச் சாதனம்" என்று எழுதினேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.

அந்த ஆவணத்தை முடிவுசெய்யும் பிரஸ்ஸல்ஸ் கூட்டம் மார்கழித் தொடக்கத்தில். அதனால் சோதனையைக் கார்த்திகையிலேயே முடிக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினோம். புதன் மழை. வியாழனும் மழை. காற்று கட்டுக்கடங்காமல் அடித்ததில் காற்றாடிகள் பாதுகாப்புக்காகத் தாங்களாகவே பூட்டிக்கொண்டு நின்றன. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பற்றரியில் மிச்சம் இருந்தது பத்தொன்பது வீதம். இன்னும் ஐந்து மணித்தியாலம் ஓட்ட வேண்டும்.

"ஜெனரேற்றரைப் போடுவம் அண்ணை. தை மாசம் வெய்யிலுக்கை திரும்பச் செய்யலாம்தானே" என்றார் தனுசியா. பற்றரி அறைக்கு அவர்தான் பொறுப்பு, கெட்டிக்காரி.

தை மாதம் கூட்டம் முடிந்திருக்கும் என்றேன். ஒரு வரிசையை மட்டும் நிறுத்தினால் மற்ற மூன்றும் மூன்று மணிவரை தாக்குப்பிடிக்கும் என்று கணக்குக் காட்டியது. கூட இழுத்தது தென் வரிசை. ஏன் கூட இழுக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அங்கை பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இருக்கிறாரெல்லே" என்றார் தனுசியா.

"நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன்.

மோட்டார் சைக்கிளில் போனேன். மழை சற்று விட்டிருந்தது. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கட்டிலில் குந்தியிருந்து, மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, வெய்யிலைக் காணாமல் உம்மட பற்றரிக்கும் இழுப்பு வந்திட்டுதோ?" என்றார். சொல்லி முடிக்க மூன்று முறை மூச்சு எடுத்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர். எனக்கு அவரில் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பிலோமினம்மாக்கா தேத்தண்ணீர் தந்தார். ஆபத்துக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டர் நிரப்புவதற்காக யாழ்ப்பாணம் போயிருக்கிறது என்றும், கடல் கொந்தளிப்பால் குறிகட்டுவான் துறையிலிருந்து இரண்டு நாளாகப் படகு வரவில்லை என்றும் அவராகவே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். கோப்பை முடிந்ததும் இன்னொன்று ஊற்ற வந்தார். காணும் என்றேன். ஊற்றினார்.

பிறகு கேட்டேன். "அக்கா, உங்களுக்குக் கரண்ட் காணுமோ?"

அவர் கணவரைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். பிறகு என் உடம்போடு ஒட்டியிருந்த நனைந்த சேட்டைப் பார்த்தார். "காணும் தம்பி. எங்களாலை உமக்கு எவ்வளவு கரைச்சல்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு புதிய படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். உங்கள் கோப்பில் அன்றைய திகதியோடு இருப்பது அதுதான்.

பற்றரி அறைக்குத் திரும்பி, தனுசியாவைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி அனுப்பினேன். பன்னிரண்டு பத்துக்குத் தென் வரிசையின் ஆளியை, அந்த வரிசைக்கான பெரிய சுவிச்சை, நானே கீழே இறக்கினேன். பதினொரு வீடுகள்.

பன்னிரண்டரை மணிக்கு பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் மகள் நிமலினி சைக்கிளில் வந்தார். நனைந்திருந்தார்.

"அண்ணை, கரண்ட் நிண்டிட்டுது. அப்பாவுக்கு ஏலாமக் கிடக்கு. சொண்டெல்லாம் நீலம் பாரிக்குது. கெதியாப் போடுங்கோ."

நான் அவரிடம் படிவத்தைக் காட்டினேன். அமைதியாகத்தான் பேசினேன். "அம்மா காணும் எண்டு இப்பதான் கையெழுத்து வைச்சவ. காணாதெண்டால் அவவே சொல்லவேணும். ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

"அம்மாவிட்டையோ? கேட்டுக்கொண்டு வரவோ?"

"ஓம்."

அவர் பூட்டியிருந்த ஜெனரேற்றர் அறைக்கதவைப் பார்த்தார். அதன் சாவி என் சேட்டுப் பையில் இருந்தது. பிறகு சைக்கிளைத் திருப்பினார். அந்த வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர், எதிர்க்காற்று. அவர் போன பிறகு நான் வாசலுக்குக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்தபடி இருந்தேன். வந்து காணாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கணமே டீசலைப் போட்டிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒருவரும் வரவில்லை.

ஒன்றேகாலுக்கு வேதக்கோயிலில் துக்கமணி அடித்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிக்கும் மணி. யாருக்கு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நான் நேரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணித்தியாலமும் நாற்பத்தைந்து நிமிடமும் இருந்தன. இனி நிறுத்துவதால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, தீவுகளுக்குத்தான் நட்டம் என்று யோசித்தேன். மூன்று மணி வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்றுக்குச் சோதனை முடிந்தது. மூன்று ஐந்துக்கு ஜெனரேற்றரைப் போட்டு, தென் வரிசை ஆளியை மேலே தள்ளினேன்.

அந்த வீட்டில் மெசினின் சுவிச்சை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை விரித்துக் கிடத்தியிருந்த நேரம். கட்டிலடியில் அது தானாக ஒரு முறை கத்திவிட்டு மூச்சுவிடத் தொடங்கியதாம். ஒப்பாரி வைத்த பெண்கள் அப்படியே நின்றுபோனார்களாம். பிலோமினம்மாக்கா ஓடிப்போய்க் குழாயை எடுத்து அவருடைய மூக்கில் வைத்தாராம். இதைத் தனுசியா சொன்னார். சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் பிறகு வேலைக்கு வரவில்லை.

வயது எழுபத்தொன்று, நீண்ட நாள் நோயாளி. சான்றிதழில் எழுத வேண்டியதை எழுதினார்கள். ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பிரஸ்ஸல்ஸில் நெடுந்தீவு பற்றிய வரி ஆவணத்தில் ஏறியது. கூட்டத்தில் திரை வழியாக நானும் இருந்தேன். தலைவர் எல்லோரையும் ஒலிவாங்கியை நிறுத்தச் சொன்னதும் அந்தச் சத்தம் கேட்டது. டக், பிறகு பெருமூச்சு. யாரோ நிறுத்த மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கணினியை மூடிய பிறகும் கேட்டது. நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றி வைத்தேன், மின்விசிறியையும் கழற்றினேன். பட்டப்பகலில், ஒன்றும் ஓடாத வீட்டில், அது என் பின்னால் மூச்சு விடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். போகாமல் விட்டால் நல்லாயிராது. பந்தியில் பிலோமினம்மாக்காவே எனக்குப் பரிமாறினார். கறுப்புச் சேலை. ஒரு அகப்பை சோறு போட்டார். இரண்டாவது போட்டார். காணும் என்றேன். மூன்றாவது போட்டார். கையை இலைக்கு மேலே பிடித்தேன். கைக்கு மேலே போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சோறு இலையை நிறைத்து, வழிந்து, என் மடியில் கொட்டியது. அவர் முகத்தில் கோபமே இல்லை.

"காணும் அக்கா" என்றேன் மறுபடியும்.

"காணாது தம்பி" என்றார். "வந்த ஆள் காணும் எண்டால் அதை நம்பலாமோ? உமக்குத் தெரியாததே?"

உங்கள் கேள்விக்கான பதில் இதுதான். எழுத்துப்பிழை இல்லை. அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும், அது எப்போது பொய் என்பதும் தெரியும். மெசின் என்ன மெசின் என்று தெரிந்தே படிவத்தில் மாற்றி எழுதினேன். சிலிண்டர் இல்லை என்று தெரிந்தே ஆளியை இறக்கினேன். மகள் வந்து கேட்டும் சாவியைப் பையிலேயே வைத்திருந்தேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையைக் கொன்றது நான். இதை நீங்கள் எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுக்கலாம்.

ஆனால் கொள்கை வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளைக் கேட்க வேண்டும், நான் கேட்டேன். பந்தியில் அக்கா சொன்ன காணாது, சோற்றைப் பற்றியது. கரண்டைப் பற்றி அந்த வீட்டிலிருந்து இன்றுவரை ஒருவரும் காணாது என்று சொல்லவில்லை, படிவத்தைப் பாருங்கள்.