பேபியின் மூச்சு

அந்த ஆல்பத்தை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், மேடம். பாதிச் சத்தம் செத்துப்போகும். நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். யாரும் பிடித்துவரவில்லை. நேற்று விருது மேடையில் பேபி சொன்னாள்: “அந்த மூச்சு என்னோட வலி.” நாற்பதைத் தாண்டியும் ஊரே பேபி என்று கொஞ்சுகிற பாடகி. ஒரு வரியைச் சேர்ந்தாற்போல் பாட வராது. அவளுடைய எச்சில் சத்தத்தையும் செருமலையும் வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டிக் குரலாக்கியது நான். சவுண்ட் எடிட்டர். எங்கள் பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

முழுக்க எலெக்ட்ரானிக் இசை. முதலில் போட்டது லிஃப்டில் ஓடுகிற சங்கீதம் மாதிரி உயிரில்லாமல் கிடந்தது. அப்போதுதான் ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க என் தங்கை குட்டி ஸ்டுடியோவுக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மாடியேறி வந்து மூச்சு இழுத்துக்கொண்டு நின்றாள். மைக் திறந்திருந்தது. இசையமைப்பாளர் சூயிங்கத்தை மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டுத் திரும்பினார்.

“யாரு மூச்சும்மா இது? செமையா இருக்கே. ஆல்பம் பூரா இதையே போட்டுரலாம்.”

“இழுப்பு வந்தாத்தான் சார் இப்படி” என்றேன்.

“வரட்டுமே.”

பேபி “ஐயோ பாவம்” என்று சொல்லிக்கொண்டே அதற்குத் தாளம் போட்டாள். நான் மைக்கை அணைத்தேன். ஆனாலும் அவர்கள் காது பொய் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையில் குட்டியை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனேன். நாங்கள் இருவர் மட்டும். அன்றைக்குப் பார்த்து அவள் நன்றாக இருந்தாள், அதுதான் தொல்லை. பாடும் அறையில் கிடந்த பழைய கம்பளத்தைத் தூசி பறக்க உதறினேன்.

“ஏன்க்கா, அவ்ளோ படிச்சு, கடைசில என் மூச்சுதான் கெடச்சுதா உனக்கு?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பானது. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

“போதும்க்கா. இன்ஹேலரக் குடு.”

“இன்னும் ஒரே ஒரு டேக்டி. மைக்க விட்டு நகராத.”

நகரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நான் உள்ளே போய் இன்ஹேலரை வாயில் வைத்தபோது, அதை உறிஞ்ச அவளிடம் மூச்சு இல்லை. திடீரென்று வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். படித்த மகள் சொன்னால் அம்மா நம்புவாள். துக்கம் கேட்க வந்த இசையமைப்பாளர் நாற்காலியில் உட்காரும் முன்பே காதோரம் குனிந்தார். “அன்னிக்கு ஸ்டுடியோவுல எடுத்தது பத்திரமா இருக்குல்ல?”

இருந்தது. கொடுத்தேன்.

விற்பனையில் முதலிடம். இயந்திரத்துக்கு நுரையீரல் வைத்த இசை என்று விமர்சகர்கள் உருகினார்கள். என் தங்கை திணறுகிற இடம் வந்ததும் கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஆல்பம் அட்டையில் பேபிக்கு முடி வாரிவிட்டவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

அதனால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அது பேபியின் மூச்சு இல்லை. என் தங்கையுடையது. பதிவு செய்தது நான். இன்ஹேலரைத் தெரிந்தேதான் கொடுக்காமல் வைத்திருந்தேன். கொலை என்றே போடுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் அந்த ஜென்மங்களைப் போல நான் ஈரமில்லாதவள் இல்லை. அவளுடைய மூச்சில் எதையும் மாற்றவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். கடைசியில் ‘அக்கா’ என்றாள், அதை மட்டும் வெட்டினேன். தாளத்தில் உட்காரவில்லை.