ஹின்டாவுக்கு ஒரு கல்

— தோரா வேதத்து மேல அடிச்சு சத்தியம் பண்றேன் ஃப்ரைடா அம்மா. நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்தச் சுவர் என் தலைமேல விழட்டும்.

— சுவரை இழுக்காதீங்க மிஸ்டர் ஸாவெல். நாஜிங்க கொன்ன நம்ம ஜனங்க பேரெல்லாம் அதுல இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம அந்த ஒரு பேருக்குக் கீழ கூழாங்கல் வைக்கிறது நீங்கதானே?

— செத்தவங்களுக்குக் கல் வைக்கிறது நம்ம யூத வழக்கம்தானே. இந்த மியூசியத்துல அது எப்போலேர்ந்து குத்தமாச்சு?

— ஹின்டா ஸில்பர்ஃபார்ப் உங்களுக்கு யாரு?

— யாருன்னா... கட்டிக்க இருந்தவ.

— கட்டிக்க இருந்தவளா!

— அவங்க அப்பா சரின்னிருந்தா. கடலுக்கு அந்தப் பக்கம், ஸாப்ரோவ்காங்கிற ஊர்ல எங்க வீடும் அவங்க வீடும் எதிரெதிர். அவளுக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. அது சரி, வாசல்ல கோட்டு வாங்கி மாட்டுற உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

— அந்தப் பேரைச் சுவர்ல செதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நான்தான். ஹின்டா என் கூடப்பிறந்தவ.

— கூட... கூடப்பிறந்தவளா?

— என்ன, தொண்டையில மீன்முள்ளா?

— இல்ல, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு. அடியே, நீதானா அது! ஹின்டா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு மூக்கொழுகத் திரியுமே ஒரு வாண்டு, அந்தத் தங்கச்சியா நீ!

— தங்கச்சி. ம். ஸாப்ரோவ்கான்னு பேருக்குப் பக்கத்துலயே செதுக்கியிருக்கு. அதைப் படிச்சுட்டுத்தானே சொல்றீங்க?

— பிறந்த ஊரைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?

— நீங்க பேசுற இத்தீஷ் பாஷையில இந்த வின்னிபெக் வடக்குப் பேட்டை வாடை அடிக்குது. இங்கேயே பிறந்தவங்க பேச்சு அது.

— அம்பது வருஷம் இந்த ஊர் ரொட்டியைத் தின்னா நாக்கு என்னதான் பண்ணும்?

— அளக்காதீங்க. ஹின்டா பார்க்க எப்படி இருப்பா?

— சிவப்புத் தலைமுடி.

— எங்க வீட்டுல யாருக்கும் சிவப்பு முடி கிடையாது.

— அவளும் அதையேதான் சொல்லிப் பெருமை அடிச்சுக்குவா. ஒரு வாத்து வளர்த்தாளே, உனக்கு ஞாபகம் இல்ல? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கடிதம் எழுதி அது கழுத்துல கட்டிவிடுவா.

— வெள்ளி சாயங்காலம் சப்பாத் தொடங்கிடும். யாரும் எதையும் சுமக்கக் கூடாது. வாத்துக்கும் ஓய்வுநாள்தான்.

— அது வாத்துக்குத் தெரியாதா? பொழுது சாயறதுக்கு முன்னாடியே வந்து என் வாசல்ல உக்காந்துடும். மறுநாள் வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சு சப்பாத் முடிஞ்சாத்தான் கழுத்தை நீட்டும். அப்படியொரு பக்தி, எங்க மதகுரு ரபிகிட்டகூட நான் பார்த்ததில்ல.

— வாத்துக்குப் பேரு?

— வேண்டாம். அதோட சொந்தக்காரங்க டொரன்டோவுல இருக்காங்க, வருத்தப்படுவாங்க.

— சிரிக்க வச்சுத் தப்பிக்கலாம்னு பார்க்காதீங்க. நாளைக்கே இயக்குநர்கிட்ட சொல்லி உங்களை வாசலோட நிறுத்திடுவேன். இத்தனை பேர்ல எதுக்கு என் ஹின்டாவைப் பிடிச்சீங்க? பேட்டி கொடுக்கணுமா? பேப்பர்ல படம் வரணுமா?

— கல்லு இல்ல. அதான்.

— என்னது?

— அந்த வரிசையில மேலே, கீழே, பக்கத்துல, எல்லாருக்கும் கல்லு இருந்துச்சு. அவளுக்கு மட்டும் ஒண்ணுகூட இல்ல. பனியில வெறுங்காலோட நிக்கிற மாதிரி இருந்துச்சு. கூடப்பிறந்தவ, வாரம் மூணு நாள் இங்கேயே இருக்கிறவ, நீ ஏன் வைக்கல?

— வச்சா அவ இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. பேரை எழுதிக் கொடுக்கவே எனக்குக் கை ஓடல. யாருன்னே தெரியாத நீங்க வந்து முந்திக்கிட்டீங்க.

— அப்போ எடுத்துடறேன். இனிமே இந்தப் பக்கம் வரல. என் கோட்டைக் கொடு.

— உக்காருங்க.

— ஏன், போலீஸைக் கூப்பிடப் போறியா?

— உக்காருங்கன்னு சொன்னேன். அவ ஆடுவாளா?

— ஆடுவாளாவா! கல்யாண வீட்டுல அவ ஆட ஆரம்பிச்சா பிடில்காரன் மூச்சு வாங்கி உக்காந்துடுவான். பிடில் தானா வாசிக்கும்.

— சண்டை போடுவாளா?

— என் மேல ஹெர்ரிங் மீனை எறிஞ்சிருக்கா. ஒரு தடவை பீப்பாயோட.

— என்கூட?

— உன்கூடத்தான் நாள் முழுக்க. தலை பின்னி விடறேன்னு பிடிச்சு இழுப்பா, தெருவே கேக்கிற மாதிரி நீ கத்துவ. ஆனா குளிர் வந்தா தன் போர்வையையும் சேர்த்து உனக்குத்தான் போர்த்துவா.

— தன் போர்வையையுமா...

— அழாதேம்மா. நான் நிறுத்திக்கறேன்.

— நிறுத்தாதீங்க. அந்தக் கல்லு அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஞாயிறும் வரணும். அவளுக்குக் கல்யாணம் பண்ணணும், பிள்ளைங்க பிறக்கணும். எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது.

— ஃப்ரைடா, ஒரு உண்மையைச் சொல்லிடட்டுமா?

— வேண்டாம், நானே சொல்லிடறேன். நான் தங்கச்சி இல்ல, அக்கா. செத்தப்போ ஹின்டாவுக்கு வயசு ஏழு மாசம்.