ஆறு திரும்பிய இடம்

—செருப்போடயே உள்ள வா, தம்பி. ஆபீஸ் பூரா சேறுதான். அப்பா எங்க?

—பள்ளிக்கூடத்து மாடியில. பக்கத்து வீட்டுக்காரங்களோட சீட்டாடுறாரு. என்ஜினியரம்மா முதல்ல இந்த டீயக் குடிங்க. கண்ணு ரெண்டும் மிளகாப்பழமா இருக்கு.

—நம்ம கரையில யாரும் மாட்டிக்கலையே?

—ஒரு கோழிகூட மாட்டல. மத்தியானமே உங்க ஜீப் வந்து எல்லாரையும் கிளப்பிடுச்சே. அக்கா, ஆத்த நீ நேர்ல பாத்திருக்கணும். மலையிலேர்ந்து அவ்வளவு ஆவேசமா இறங்கி வந்துச்சு. ஊர் வளைவுல ஆஸ்பத்திரிச் சுவர முட்டப்போகுதுன்னு எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். சட்டுன்னு வலது பக்கம் ஒதுங்கி, நம்ம தோட்டம் வழியா, தாத்தா காலத்துல ஓடின பழைய பள்ளத்தத் தேடிப் புடிச்சுப் போயிருச்சு. போயி, பாலத்துக்கு அந்தாண்ட பழையபடி சேந்துக்கிச்சு. என்ன அழகு, என்ன புத்தி.

—வீடு?

—மொட்டை மாடி மட்டும் தெரியுது. ஒரு கொக்கு குடிவந்திருக்கு.

—சிரிக்காதடா.

—வேற என்னக்கா பண்றது? ஆஸ்பத்திரியில படுத்திருந்த அத்தனை உசுரும் தப்பிச்சுதே. ஆறுதான் காப்பாத்துச்சுன்னு ஊரே பேசுது.

—உக்காரு. ஆறு தானாத் திரும்பல. பழைய பள்ளத்த அது மறக்கல, உண்மைதான். ஆனா வழி விட்டது நான். வலது கரைய வெட்டச் சொல்லி உத்தரவு போட்டேன். நம்ம வீடு அங்க இருக்குன்னு தெரிஞ்சே போட்டேன்.

—ம்.

—அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. இன்னொண்ணும் மனச அரிக்குது. கரை எப்ப வேணாலும் சரியலாம்னு பொக்லைன் ஓட்ட ஒருத்தரும் ஒத்துக்கல. கடைசியில யாரோ ஒருத்தன் தானா வந்து ஏறினானாம். வெட்டி முடிச்சு வண்டியப் பின்னால எடுத்தானோ இல்லையோ, அவன் நின்ன மண்ணே தண்ணியோட போயிருச்சாம். அந்த மகராசனப் பாத்தா கையெடுத்துக் கும்பிடணும். பாவம், கை எப்படி நடுங்கியிருக்கும் அவனுக்கு.

—நடுங்குச்சுக்கா. நேர் எதிர்ல நம்ம வீடுல்ல? அப்பாதான் மேட்டுல நின்னுக்கிட்டு, "அந்தப் பக்கம் பாக்காத, வெட்டுடா"ன்னாரு.